விளக்கு ஏன் மங்கியது?

நுழையும்முன்

பழுதுற்ற ஒரு பொருளைக் கண்டவுடன் அதை மாற்றிவிட வேண்டும் என்று எண்ணுவது எளிது. எங்கே பழுது, எதனால் பழுது என்று ஆராய்வது கடினம். ஆயினும், அந்த ஆராய்ச்சியே பொருளையும் பொழுதையும், சில வேளைகளில் உயிரையும் காக்கிறது. மலைப்பாதையில் ஓடும் ஒரு ஜீப்பின் மின்னேற்றக் குறைபாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, காரணம் தேடும் கலையை விளக்குகிறது இக்கட்டுரை.

மலையிலிருந்து இறங்கும் மாலை

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். அங்கிருந்து மேலேறும் சாலை, போடிமெட்டில் தமிழக எல்லையைக் கடந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களை அடைகிறது. நாள்தோறும் விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. மாலையில் அவர்களை வீடு சேர்க்கின்றன. தார்ச்சாலை முடிந்தபின் தோட்டங்களுக்குள் செல்லும் வழி, கல்லும் சேறும் ஓடைநீரும் நிறைந்தது. நான்கு சக்கரங்களும் உந்தித் தள்ளும் வண்டிகளே அவ்வழியில் ஏற முடியும்.

அத்தகைய வண்டி ஒன்றில் நிகழக்கூடிய ஒரு நிகழ்வை எண்ணிப் பார்ப்போம். ஐப்பசி மாதத்து மாலை. மூடுபனி சாலையை மறைக்கிறது, தூறலும் விழுகிறது. முகப்பு விளக்கு, பனிவிளக்கு, கண்ணாடி துடைப்பான் ஆகிய மூன்றையும் ஓட்டுநர் இயக்குகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க, வெண்மையாய் இருந்த விளக்கொளி மஞ்சளாகிறது, பின்னர்ச் செம்மஞ்சளாகிறது. துடைப்பான் தயங்கித் தயங்கி நகர்கிறது. ஒலிப்பானை அழுத்தினால் முனகல்தான் எழுகிறது. டீசல் இயந்திரம் மட்டும் எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வகை டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவையில்லை. எனவே, மின்சாரம் குன்றினாலும் அது நின்றுவிடுவதில்லை. ஆனால், வழி தெரியாத ஓட்டுநருக்கு ஓடும் இயந்திரத்தால் என்ன பயன்? பின்னால் அமர்ந்திருப்போர் பேச்சை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்க்கின்றனர்.

இயந்திரம் ஓடும்போது மின்கல அடுக்கிற்குப் போய்ச் சேரவேண்டிய மின்னழுத்தம் குறைந்துபோனதே இந்நிலைக்குக் காரணம். அது ஏன் குறைந்தது என்பதே நம் வினா.

சேமிப்பும் வரவும்

வண்டியின் மின்கல அடுக்கை மக்கள் 'பேட்டரி' என்றே வழங்குகின்றனர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம். ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்ட ஆறு சிறு கலங்கள் அதனுள் வரிசையாக இணைந்துள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஆகவே, முழுமையாக மின்னேற்றம் பெற்று ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பாதியளவு செலவாகிவிட்டால் 12.2 வோல்ட் அளவிற்கு இறங்கும். 11.9 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் அதில் எஞ்சியிருப்பது மிகச் சிறிதே. 12.6 நிறைவு, 11.9 வெறுமை. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். நாம் தேடப்போகும் பழுதின் அளவும் ஏறத்தாழ அதுவே.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாய்வது போல, மின்னோட்டம் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து தாழ்ந்த மின்னழுத்தத்திற்குச் செல்கிறது. வயலைவிடத் தாழ்ந்த வாய்க்காலால் வயலுக்கு நீர் பாயாது. அதுபோல, 12.6 வோல்ட் உடைய பேட்டரியை நிரப்ப வேண்டுமானால், அதனைவிட உயர்ந்த மின்னழுத்தம் வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. 13 வோல்ட் மட்டுமே கிடைத்தால் நிரம்பும் வேகம் மிகவும் குறையும். 12.6-க்கும் கீழே இறங்கினால் வரவு நின்று செலவு தொடங்கிவிடும்.

இக்குறைபாடு ஒருநாள் துன்பத்தோடு முடிவதன்று. பேட்டரி செலவாகும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. உரிய மின்னேற்றம் கிடைத்தால் அப்படிவு கரைந்துவிடும். கிடைக்காமல் வாரக்கணக்கில் அரைகுறையாகவே இருந்தால், படிவு இறுகிப் பெரும்படிகங்களாக மாறும். பின்னர் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் அது முழுமையாகக் கரையாது. மின்னேற்றக் குறைவு நல்ல பேட்டரியையும் நாளடைவில் கெட்ட பேட்டரியாக்கிவிடுகிறது.

ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி

பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் கருவி ஆல்டர்னேட்டர் ஆகும். இதனை மாறுதிசை மின்னாக்கி எனலாம். இயந்திரத்தின் சுழற்சி ஒரு பெல்ட் வழியாக இதன் கப்பியைச் சுழற்றுகிறது. உள்ளே கம்பிச்சுருள் சுற்றிய ஒரு சுழலி இருக்கிறது. அச்சுருளுக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தப்பட்டால் சுழலி மின்காந்தமாகிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை, செப்பு வளையங்களின்மீது உரசிநிற்கும் இரண்டு கரித்துண்டுகள். பட்டறைகளில் அவற்றைக் கார்பன் பிரஷ் என்பர்.

சுழலியைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் நிலைச்சுருளில், காந்தப்புலம் மாறிமாறிக் கடப்பதால் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. பேட்டரிக்கு வேண்டியதோ நேர்த்திசை மின்சாரம். எனவே, ஒருவழிப்பாதை போலச் செயல்படும் டையோடுகள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் வெளியே அனுப்புகின்றன. இயந்திரம் விரைந்தாலும் மெதுவாக ஓடினாலும் வெளிவரும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்கெனச் சீராக்கி என்னும் உறுப்பு உள்ளது. மின்னழுத்தம் குறைந்தால் அது சுழலிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது.

பல வண்டிகளில் இச்சீராக்கி, ஆல்டர்னேட்டரின் உள்ளேயே பொருத்தப்பட்டுத் தன் வாயிலில் உள்ள மின்னழுத்தத்தையே பார்க்கிறது. தன்னிடம் 14.2 வோல்ட் இருந்தால் கடமை நிறைவேறியது என்று கொள்கிறது. அந்த 14.2 வோல்ட்டும் பேட்டரியைச் சென்றடைந்ததா என்பதை அது அறியாது. நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தெரியுமா?

காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய அமில மின்கலத்தைப் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் மின்தொடக்கி பொருத்தப்பட்டதும், கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைத் தொடங்கும் வழக்கம் மறையத் தொடங்கியது. நெடுங்காலம் வண்டிகளில் நேர்த்திசை மின்சாரம் தரும் டைனமோவே பயன்பட்டது. 1960களில் ஆல்டர்னேட்டர் அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும், பழைய பட்டறைகளில் இன்றும் ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்றே அழைப்போர் உண்டு. கருவி மாறினாலும் பெயர் நிலைத்துவிட்டது.

காட்டுவழி தரும் சோதனைகள்

நகரச் சாலையில் ஓடும் காரைவிடக் காட்டுவழியில் ஓடும் வண்டிக்கு மின்னேற்றக் குறைபாடு மிகுதியாக வருவதற்குக் காரணங்கள் உள. முதலாவது, அதிர்வு. கல்வழியில் குலுங்கும் வண்டியில் திருகாணிகள் தளரும். கம்பிகளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். இரண்டாவது, நீரும் சேறும். ஓடையைக் கடக்கும்போது சேற்றுநீர் மின்னிணைப்புகளில் புகுந்து துருவையும் பச்சைப் பூப்பையும் உண்டாக்கும். பெல்ட்டை நனைத்து வழுக்கச் செய்யும். ஆல்டர்னேட்டருள் புகுந்து கரித்துண்டுகளை விரைவில் தேய்க்கும்.

மூன்றாவது, வேகக்குறைவு. செங்குத்தான பாதையில் வண்டி ஊர்ந்தே செல்கிறது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத்திறனையும் தர இயலாது. நான்காவது, கூடுதல் சுமை. மூடுபனிக்கென நூறு வாட் விளக்குகள் இரண்டைப் புதிதாகப் பொருத்தினால், அவை மட்டுமே பதினாறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கேட்கும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் மின்வடக்கயிற்று உருளை முழுச்சுமையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். வண்டியை வடிவமைத்தவர் எண்ணிப்பாராத செலவுகள் இவை.

ஊகத்தின் விலை

நம் ஓட்டுநருக்கு மீண்டும் வருவோம். அடுத்த நாள் காலையில் வண்டியைத் தொடங்க முயன்றபோது மின்தொடக்கி சோம்பலாகச் சுழன்று நின்றது. பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து புதியது வாங்கினார். சில நாள்கள் வண்டி நன்றாக ஓடியது. பின்னர்ப் பழைய தொல்லை திரும்பியது. பேட்டரி புதிது, எனவே, குற்றம் ஆல்டர்னேட்டருடையதே என்று எண்ணினார். கடன் வாங்கி அதையும் மாற்றினார். மறுவாரமே விளக்கு மங்கியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பேட்டரி சில நாள்கள் வேலை செய்தது, பழுது நீங்கியதால் அன்று. கடையிலிருந்து வந்தபோது அதில் நிறைந்திருந்த மின்சாரம் செலவாகும்வரை பழுது மறைந்திருந்தது. தற்காலிக நலம், தவறான மருந்தையும் சரியான மருந்து போலக் காட்டிவிட்டது.

இறுதியில் அவர், வண்டிகளின் மின்பணியில் நெடுநாள் பழகிய ஒரு முதியவரை நாடினார்.

"அண்ணே, பேட்டரியும் புதுசு, ஆல்டர்னேட்டரும் புதுசு. இன்னும் விளக்கு மங்குதே!"

"பொருளை மாத்தினீங்க தம்பி, சரி. வோல்ட் எந்த இடத்துல குறையுதுன்னு யாராச்சும் அளந்து பார்த்தாங்களா?"

அவர் எடுத்தது புதிய உறுப்பு எதையும் அன்று. சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்றையே எடுத்தார்.

அளவீட்டின் படிகள்

முதற்படி, கண்ணால் காண்பது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்துள்ளதா, பளபளப்பேறி வழுக்குகிறதா, பேட்டரி முனைகளில் வெண்பச்சைப் பூப்பு படிந்துள்ளதா, கம்பிகள் எங்கேனும் உரசித் தேய்ந்துள்ளனவா என்று முதியவர் பார்த்தார். பெல்ட் சரியாக இருந்தது. பேட்டரி முனைகளும் தூய்மையாக இருந்தன. செலவில்லாத சோதனையே முதற்சோதனையாக இருக்க வேண்டும் என்பது பட்டறை அறிவு.

இரண்டாம் படி, ஓய்வுநிலை அளவு. இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தபோது 12.1 வோல்ட் காட்டியது. பேட்டரி பாதிக்கும் மேல் காலியாகியிருந்தது. அவர் அதனைக் கழற்றி வெளி மின்னேற்றியில் வைத்து முழுமையாக நிரப்பினார். காலியான பேட்டரி மிகுந்த மின்சாரத்தை உறிஞ்சி, நல்ல ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தையும் சிறிதுநேரம் கீழே இழுத்துவிடும். ஆதலால், நிரம்பிய பேட்டரியைக்கொண்டு சோதிப்பதே முறை. நிரம்பியபின் ஓய்வில் 12.6 வோல்ட் நிலைத்து நின்றது. பேட்டரி குற்றமற்றது என்பது உறுதியாயிற்று.

மூன்றாம் படி, இயங்குநிலை அளவு. இயந்திரத்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ 1500 சுற்றுகள் ஓடவிட்டு, விளக்குகளை அணைத்த நிலையில் பேட்டரி முனைகளில் அளந்தார், 13.7 வோல்ட் இருந்தது. சற்றே குறைவு, ஆயினும், அஞ்சத்தக்கது அன்று. இவ்வளவோடு சோதனையை நிறுத்தியவர்கள் பழுதில்லை என்று சொல்லி வண்டியை அனுப்பியிருப்பர். அவரோ முகப்பு விளக்கு, பனிவிளக்கு, துடைப்பான் அனைத்தையும் இயக்கச் சொன்னார். அளவு 12.9 வோல்ட்டாக இறங்கியது. மலையில் நேர்ந்தது பட்டறையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. எந்தச் சூழலில் பழுது தோன்றுகிறதோ, அந்தச் சூழலை உண்டாக்கியே அதனைச் சோதிக்க வேண்டும்.

நான்காம் படி, பிறப்பிடத்தில் அளத்தல். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளந்தார். 14.2 வோல்ட் இருந்தது. ஆல்டர்னேட்டரும் குற்றமற்றது! 14.2 வோல்ட் புறப்படுகிறது, 12.9 வோல்ட் போய்ச் சேர்கிறது. இடையில் 1.3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது.

ஐந்தாம் படி, தொலைந்த இடத்தைத் தேடுதல். மின்சாரத்திற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்குச் செல்வது போகும் பாதை. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வண்டியின் உலோகச் சட்டகம், இயந்திரத்தின் உடல் ஆகியவற்றின் வழியே ஆல்டர்னேட்டரை அடைவது திரும்பும் பாதை. இத்திரும்பும் பாதையையே பட்டறையில் 'எர்த்' என்பர். போகும் கம்பியை அனைவரும் பார்ப்பர். திரும்பும் பாதை தனிக்கம்பியாகக் கண்ணில் படாததால் அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவர்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மறுமுனையை பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தார். 0.2 வோல்ட். பின்னர் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும், மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார். 1.1 வோல்ட்! போகும் பாதையில் 0.3 வோல்ட்டும் திரும்பும் பாதையில் 0.2 வோல்ட்டும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 12.9, 0.2, 1.1 ஆகிய மூன்றையும் கூட்டினால் 14.2 வருகிறது. கணக்கு நேராகிவிட்டது, இனி ஊகத்திற்கு இடமில்லை.

திரும்பும் பாதையையும் அவர் இரண்டாகப் பிரித்து அளந்தார். பேட்டரியின் எதிர்முனைக்கும் சட்டகத்திற்கும் இடையே 0.1 வோல்ட், சட்டகத்திற்கும் இயந்திர உடலுக்கும் இடையே 1.0 வோல்ட். பழுது இருக்குமிடம் ஒரு சாண் அளவிற்குச் சுருங்கிவிட்டது.

ஒரு சாண் பட்டை

அதிர்வு பயணிகளைத் தாக்காதிருக்க, இயந்திரம் ரப்பர் தாங்கிகளின்மீது அமர்த்தப்படுகிறது. ரப்பரின் வழியே மின்சாரம் செல்லாது. ஆகவே, இயந்திரத்தையும் சட்டகத்தையும் இணைக்கச் செப்பிழைகளால் பின்னிய ஒரு பட்டை பொருத்தப்படுகிறது. வண்டியின் அடியில், சேறு தெறிக்கும் இடத்தில் இருந்த அப்பட்டையின் இழைகளுள் பல அறுந்திருந்தன. அதன் நுனியைச் சட்டகத்தோடு பிணைத்த திருகாணி துருவேறியிருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பட்டை இருந்தது; மின்சாரத்திற்கோ அது அரைகுறையாகத்தான் இருந்தது.

மின்தடையை நேரடியாக அளந்தால் இப்பழுது தெரிந்திருக்குமோ? தெரிந்திராது. ஓம் விதியின்படி மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். விளக்குகள் எரியும்போது அப்பட்டையில் 40 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்ததாகக் கொண்டால், 1.0 வோல்ட்டை 40-ஆல் வகுக்க, மின்தடை 0.025 ஓம் ஆகிறது. சாதாரண மல்டிமீட்டரின் அளவுக்கம்பிகளுக்கே இதனைவிட மிகுந்த மின்தடை உண்டு. ஆதலால், மீட்டர் 'இணைப்பு நன்று' என்றே கூறியிருக்கும். மிகச் சிறிய தடை, பெரிய மின்னோட்டம் பாயும்போதுதான் தன் இயல்பைக் காட்டுகிறது. ஒருவர் நடந்தால் அசையாத மூங்கில் பாலம், நாற்பது பேர் ஏறும்போது வளைவதைப் போன்றது இது.

அந்த ஒரு சாண் பட்டையில் 1 வோல்ட்டும் 40 ஆம்பியரும் சேர்ந்து 40 வாட் ஆற்றலை வீணே வெப்பமாக்கின. வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு ஒன்றின் ஆற்றல் அது. மின்தொடக்கி காலையில் சோம்பலாகச் சுழன்றதன் காரணமும் இப்போது விளங்குகிறது. தொடக்கி 150 ஆம்பியர் கேட்டால், அதே பட்டையில் நான்கு வோல்ட்டுக்குச் சற்றே குறைவான இழப்பு ஏற்படும். இரண்டு அறிகுறிகளுக்கும் வேர் ஒன்றே.

முதியவர் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றினார். பழைய பட்டையை நீக்கினார். சட்டகத்தில் திருகாணி அமரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வண்ணப்பூச்சும் துருவும் நீங்கி உலோகம் மின்னும்படி செய்தார். தடித்த புதிய பட்டையைப் பொருத்தி, இறுக்கி, மேலே துருத்தடுப்புப் பசை பூசினார். பின்னர், அதே விளக்குகளை எரியவிட்டு மீண்டும் அளந்தார். பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட்! பழுதுபார்த்தபின் மறுபடியும் அளப்பது, விடையைச் சரிபார்ப்பது போன்றது. அதைச் செய்யாதவரை வேலை முடியவில்லை.

பழுதின் பிற முகங்கள்

எல்லா வண்டிகளிலும் குற்றம் இப்பட்டையில்தான் இருக்கும் என்று கொள்ளுதல் தவறு. அளவுகள் வேறுவிதமாக அமைந்தால் காரணமும் வேறாகும். ஆல்டர்னேட்டரின் வாயிலிலேயே மின்னழுத்தம் குறைந்திருந்தால், முதலில் பெல்ட்டையும், அடுத்துக் கரித்துண்டுகளின் தேய்மானத்தையும், அதன்பின் சீராக்கியையும் ஆராய வேண்டும். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை மாறுதிசை அளவில் வைத்துப் பார்க்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், டையோடு ஒன்று பழுதாகியிருக்கலாம்.

பல பழைய வண்டிகளில், முகப்புப் பலகையிலுள்ள மின்னேற்ற எச்சரிக்கை விளக்கின் வழியாகவே சுழலிக்குத் தொடக்க மின்சாரம் செல்கிறது. சாவியைத் திருப்பியவுடன் அவ்விளக்கு எரிய வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லையெனில் நலம் என்று மகிழலாகாது. விளக்கின் இழை அறுந்திருந்தால், ஆல்டர்னேட்டர் விழித்தெழாமலே இருந்துவிடக்கூடும். மிகச் சிறிய விளக்கொன்று பெரிய மின்னாக்கியை உறங்க வைத்துவிடுகிறது.

வெப்பத்தையும் கருத வேண்டும். பல சீராக்கிகள் வெப்பம் மிகும்போது மின்னழுத்தத்தைத் தாமாகவே சற்றுக் குறைத்துக்கொள்ளும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில், எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பே மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. அவற்றில் குறைந்த அளவைக் கண்டவுடன் பழுது என முடிவு கட்டலாகாது. அவ்வண்டிக்குரிய கையேடு கூறும் அளவோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

கைக்கும் கண்ணுக்கும் காப்பு

இச்சோதனைகளைப் பழகியவர் துணையின்றி மாணவர்கள் தாமே செய்யலாகாது. பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் தீப்பொறி கூடாது. அமிலம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். ஓடும் பெல்ட்டிலும் விசிறியிலும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, கூந்தல் ஆகியன சிக்கிக்கொள்ளலாம். மோதிரமும் வளையலும் பேட்டரி முனைகளை இணைத்துவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று அறிய, இயந்திரம் ஓடும்போதே பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் தீங்கானது. அப்போது திடீரென எழும் உயர் மின்னழுத்தம் டையோடுகளையும் பிற மின்னணு உறுப்புகளையும் எரித்துவிடும்.

அளந்து அறிதல்

ஓட்டுநர் இரண்டு பெரிய உறுப்புகளை விலைகொடுத்து மாற்றினார். குற்றமோ மிகக் குறைந்த விலையுள்ள ஒரு பட்டையில் இருந்தது. அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அறிகுறி தோன்றிய இடத்தையே காரணம் இருக்கும் இடமாகக் கருதினார். மங்கியது விளக்கு, சோர்ந்தது பேட்டரி. ஆனால், நலிந்தது இவ்விரண்டிற்கும் அப்பால் இருந்த இணைப்பு.

முதியவர் செய்தது என்ன? நலமாக உள்ளவற்றை ஒவ்வொன்றாக உறுதிசெய்து விலக்கினார். எஞ்சிய பகுதியை இரண்டாகப் பிரித்தார். மீண்டும் இரண்டாகப் பிரித்தார். ஒவ்வோர் அடியிலும் கருவி சொன்னதை நம்பினாரேயன்றித் தம் எண்ணத்தை நம்பவில்லை. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் உழவருக்கும் ஒருங்கே பொருந்தும் முறை இது.

அன்று மாலையும் மலையில் மூடுபனி இறங்குகிறது. அதே வளைவுகளில் அதே வண்டி திரும்புகிறது. விளக்கொளி வெண்மை மாறாமல் சாலையின் ஓரக்கற்களைக் காட்டுகிறது. பின்னால் அமர்ந்திருப்போர் அன்றைய கூலியைப் பற்றியும் வீட்டில் உலைவைப்பது பற்றியும் பேசிக்கொண்டு வருகின்றனர். வண்டியின் அடியில் இருக்கும் ஒரு சாண் செப்புப் பட்டையை அவர்கள் அறியமாட்டார்கள். அறியவேண்டிய தேவை நேராதவாறு பார்த்துக்கொள்வதே நல்ல பணியாளரின் சிறப்பு.

கற்பவை கற்றபின்...

1. ஆல்டர்னேட்டரின் வாயிலில் 14.3 வோல்ட், பேட்டரி முனைகளில் 13.0 வோல்ட், போகும் பாதையில் 1.2 வோல்ட் இழப்பு என ஒரு வண்டியில் அளவுகள் அமைந்தன. திரும்பும் பாதையின் இழப்பு எவ்வளவு? பழுது எப்பாதையில் உள்ளது?

2. 'புதிய பேட்டரி சில நாள்கள் பழுதை மறைத்தது' என்னும் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.

3. உங்கள் ஊரில் உள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, அங்குள்ளோர் ஒரு பழுதின் காரணத்தை எவ்வாறு கண்டறிகின்றனர் என்று கேட்டறிந்து, இருபக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. பட்டறைகளில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் திரட்டி, அவற்றிற்கு இணையான தமிழ்ச்சொற்களை உருவாக்குக. அவற்றுள் எவை வழக்கில் நிலைபெறும் எனக் கருதுகிறீர்கள்? வகுப்பறையில் கலந்துரையாடுக.